திண்டிவனத்தில் அவள் சாகவில்லை

கதாநாயகியைக் கொன்றுவிட்டதாக ஒரு வீடியோ கம்பெனியின் மேல் போலீஸ் ஸ்டேஷனுக்கே போய்ப் புகார் கொடுத்த மனிதர் இந்தத் தமிழ்நாட்டிலேயே ஒருவர்தான் இருப்பார். திண்டிவனத்துக்காரர். சாக்கு வியாபாரம். மல்லாட்டை என்கிற வேர்க்கடலை சீசனில் மண்டிகளுக்குச் சாக்கு சப்ளை செய்கிறவர். பெற்றவர்கள் ஏதாவது ஒரு பெயர் வைத்திருப்பார்கள். விழுப்புரத்தில் என் கடைக்கு வந்து போகிற அத்தனை பேருக்கும் அவர் 'ஒரிஜினல்'தான்.

கடை என்றால் பெரிதாக நினைக்க வேண்டாம். ரயில்வே ஸ்டேஷனுக்குப் போகிற வழியில் ஒரு பொந்து. ஒரு காலத்தில் வீடியோ கேசட் லைப்ரரி, அப்புறம் விசிடி, அப்புறம் டிவிடி, இப்போது செல்போன் கவரும் சார்ஜரும். ஆனாலும் பின்சுவரில் ஓர் அலமாரி நிறையப் பழைய படங்களை விடாமல் வைத்திருக்கிறேன். அதற்கென்று தலை நரைத்த ஒரு கூட்டம் வரும். வாங்குகிறார்களோ இல்லையோ, சண்டை போடாமல் போக மாட்டார்கள். அந்தச் சண்டைக்குத் தலைவர் ஒரிஜினல். திண்டிவனத்திலிருந்து பஸ் பிடித்து வந்து, படியில் கால் வைக்கும்போதே ஆரம்பித்துவிடுவார்.

"தம்பி, போன வாரம் ஒரு டிவிடி குடுத்தியே, அத்த போட்டவன் கைய நான் பாக்கணும்."

"எதுக்குண்ணா?"

"கத்திரிக்கோல் புடிச்ச கை எப்பிடி இருக்குதுன்னு பாக்கணும். ரெண்டு பாட்ட காணோம்யா! காமெடில பாதி காணோம். அவன் அப்பன் வூட்டுச் சொத்தா?"

இதில் நானும் அவர் கட்சிதான். நினைத்தாலே எனக்கும் பற்றிக்கொண்டு வருகிறது. விசிடி காலத்தில், படம் இரண்டு தட்டில் அடங்கவில்லை என்பதற்காகவே பாட்டை வெட்டினார்கள். டைட்டிலைத் தூக்கினார்கள். தபலா வாசித்தவன், லைட் பிடித்தவன், அத்தனை பேர் பெயரும் போச்சு. கதாநாயகன் தாயைப் பறிகொடுத்து அழுகிறான், கீழே தலைமுடி எண்ணெய் விளம்பரம் ஓடுகிறது. வில்லனின் மூக்கு மேலேயே கம்பெனிக்காரனின் முத்திரை குத்தி வைத்திருக்கிறது. வயலின் அழுகிற இடத்தில் புதிதாக டமடமவென்று ஒரு டிரம்மைச் சேர்த்து, 'நவீன ஒலி' என்று அட்டையில் போட்டான் ஒரு புண்ணியவான். காசு கொடுத்து வாங்குகிறவன் என்ன இளிச்சவாயனா?

ஒரு தடவை கருப்பு வெள்ளைப் படம் ஒன்றுக்குக் கலர் அடித்து விட்டார்கள். ஒரிஜினல் அதை என் மேஜை மேல் விட்டெறிந்தார்.

"அந்தம்மா கட்டிக்கினு இருந்தது பச்சைப் பொடவையா? மாம்பழக் கலருய்யா அது!"

"கருப்பு வெள்ளைல மாம்பழக் கலருன்னு எப்பிடிண்ணா கண்டுபிடிச்சீங்க?"

"ஏன், எனக்குக் கண்ணு இல்ல?"

அவருக்கு ஒரு டீ சொன்னேன்.

திண்டிவனத்தில் தன்னைப் போலவே கொதிக்கிற ஏழெட்டுப் பேரைச் சேர்த்து 'பழைய படம் முழுசாக வேண்டுவோர் சங்கம்' என்று ஒன்றை ஆரம்பித்தார். முதல் மனுவைச் சென்னையில் இருக்கிற ஒரு வீடியோ கம்பெனிக்கு அனுப்பினார். எதில் எழுதினார் தெரியுமா? சாக்கில். மண்டியில் மூட்டைக்கு மார்க் போடுகிற மையைத் தொட்டு, புதுச் சணல் சாக்கில் கொட்டை கொட்டையாக எழுதினார்.

"பேப்பர்ல எழுதினா குப்பைத் தொட்டில போட்ருவான் தம்பி. சாக்க எந்தத் தொட்டில போடுவான்? தொட்டியையே இதுக்குள்ள போடலாம்."

பதில் வரவில்லை. விடாமல் போன் செய்தார். கடைசியில் ஒரு பெண் எடுத்தது. "அந்தச் சாக்கு அனுப்பினது நீங்கதானா சார்? ரொம்ப கெட்டியா இருந்திச்சி. ஆபீஸ் கேன்டீன்ல அரிசி கொட்டி வெச்சிருக்கோம்."

இதெல்லாம் சில்லறைக் கோபம். பெரிய கோபம் போன வருஷம் வந்தது.

அந்தப் படத்தின் பெயரைச் சொல்ல மாட்டேன். சொன்னால் எனக்கு வக்கீல் நோட்டீஸ் வரும். உங்கள் அம்மாவைக் கேளுங்கள், ஊரே அழுத படம். ஒரிஜினலின் சம்சாரம் ராணியம்மா அதைத் திண்டிவனத்தில் ஒரு சினிமா கொட்டாயில் பார்த்திருக்கிறார்கள். அப்போது அவர்களுக்கு ஏழு மாசம். வளைகாப்பு முடிந்த கையோடு, முழுகாமல் இருக்கிற பெண்ணை வீட்டுப் பொம்பளைகள் எல்லாரும் சேர்ந்து கொட்டாய்க்குக் கூட்டிப் போவது அந்தப் பக்கத்துப் பழக்கம். கை நிறைய வளையலோடு உட்கார்ந்து பார்த்த படம். கதாநாயகி கஷ்டமெல்லாம் பட்டு, கடைசியில் அழகாகப் பிள்ளை பெறுகிறாள். ராணியம்மாவுக்கும் சுகப்பிரசவம். பிறந்தது ஒரே பெண், கலைவாணி.

அந்தக் கலைவாணி இப்போது முழுகாமல் இருந்தாள். போன முறை கரு நிற்கவில்லை. இந்த முறை வீடே மூச்சைப் பிடித்துக்கொண்டு இருந்தது. வளைகாப்பு முடிந்து அம்மா வீட்டுக்கு வந்ததும், "எனக்கு ராசியான படம், நீயும் பாரு" என்று ராணியம்மா சொல்ல, ஒரிஜினல் என்னிடம் வந்து டிவிடி வாங்கிப் போனார். 'முழுமையான பதிப்பு, புதுப்பொலிவுடன்' என்று அட்டையில் போட்டிருந்தது. யார் பார்க்க என்று அவர் சொல்லவில்லை, முழுப் படம் கிடைத்ததே என்று எனக்கே சந்தோஷமாக இருந்தது.

மறுநாள் காலை ஷட்டரைத் தூக்கினால் மனிதர் படியில் நிற்கிறார். முகம் செத்துப்போயிருந்தது.

"தம்பி, சாவடிச்சிட்டான்யா."

"யாரண்ணா?"

"அந்தப் பொண்ண. பிரசவத்துல சாவடிச்சிட்டான். புள்ள அழுவுது, வெளிய நிக்கிற டாக்டர் தலைய ஆட்டறான், புருசன் மார்ல அடிச்சிக்கினு அழுவறான். என் பொண்ணு வயித்தப் புடிச்சிக்கினு எழுந்து போயிட்டா. ராத்திரிலேர்ந்து ஒரு வாய் சோறு எறங்கல. 'எனக்கும் அப்பிடி ஆயிட்டா?'ன்றா. நான் இன்னா சொல்லட்டும்? இன்னாத்த சொல்லட்டும் சொல்லு!"

அவரை உள்ளே கூட்டி வந்து ஸ்டூலில் உட்கார வைத்தேன். ஆனால் ஒரு விஷயம் புரியவில்லை. அந்தப் படத்தில் அவள் சாவாள். நான் விழுப்புரத்தில் பார்த்தபோதும் செத்தாள். மெதுவாகச் சொன்னேன்.

"அண்ணா, ஒரிஜினல்லயே அப்பிடித்தான்..."

"யாருகிட்ட சொல்ற? நான் பாத்திருக்கேன்யா! டாக்டர் வருவாரு, கண்ணாடிய கழட்டி தொடப்பாரு, உள்ள புள்ள அழுவும், புருசன் சிரிப்பான். சுபம்! ரெண்டு பக்கமும் குத்துவெளக்கு எரியும். அதுக்கு மேல இருக்குறதெல்லாம் இவனுங்களா சேத்தது. பாட்ட வெட்டினானுங்க, பொறுத்துக்கினேன். இப்ப சாவ ஒட்டறானுங்க!"

அலமாரியைக் குடைந்தேன். பழைய கேசட்டைப் போட்டேன், செத்தாள். விசிடியில் செத்தாள். டிவியில் வந்ததைப் பதிவு செய்து வைத்திருந்தேன், அதில் விளம்பரத்துக்கு முன்னாலேயே செத்தாள். செல்போனில் தேடினேன், அதிலும் செத்தாள். ஒவ்வொரு தடவையும் ஒரிஜினல், "இதுவும் டூப்பு" என்று எழுந்து நின்றார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை சங்கத்தையே பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு வந்துவிட்டார். மளிகைக்கடைக்காரர் ஒருவர், சர்ச் தெருவிலிருந்து ரிட்டயர்டு நர்ஸம்மா ஒருவர், இன்னும் நாலு பேர். அத்தனை பேரும் ஒரே குரலில் சொன்னார்கள், அவள் பிழைத்துக்கொண்டாள். என் கடையில் ஏற்கெனவே விழுப்புரத்துக் கூட்டம் உட்கார்ந்திருந்தது. அவர்கள் அத்தனை பேரும் சொன்னார்கள், அவள் செத்துப்போனாள்.

"செத்ததுக்கு நான் அழுதுக்கினே வூட்டுக்குப் போனேன்யா!" என்று கத்தினார் விழுப்புரத்து ஓட்டல்காரர்.

"நீ வேற எதுக்கோ அழுதிருப்ப!" என்றார் மளிகைக்கடைக்காரர்.

"நான் நர்ஸு. பொழைச்சவளா செத்தவளான்னு எனக்குத் தெரியாதா?" என்றார் நர்ஸம்மா.

இரண்டு ஊருக்கும் நடுவில் ஒரு பஸ் தூரம். அங்கே உயிரோடு இருக்கிறவள் இங்கே எப்படிச் செத்தாள்? போகிற வருகிறவர்கள் எல்லாம் நின்று, "யாருங்க தவறிட்டாங்க?" என்று துக்கமாக விசாரித்துவிட்டுப் போனார்கள். என் மானமே போயிற்று.

டிவிடி போட்ட கம்பெனிக்குப் போன் செய்தோம். "நெகட்டிவ்ல இருக்குறதுதான் சார் போட்டிருக்கோம். சாவறாங்கன்னா நாங்க இன்னா சார் பண்ண முடியும்?" என்றது அந்தப் பக்கம். அந்த அலட்சியத்தைக் கேட்டதும் ஒரிஜினலுக்கு வெறி பிடித்துவிட்டது. நேராகப் போலீஸ் ஸ்டேஷன். எந்த ஸ்டேஷன் என்று கேட்காதீர்கள். தடுக்கலாம் என்று நானும் பின்னாலேயே ஓடினேன்.

"செத்தது யாரு?" ரைட்டர் பேனா மூடியைக் கழற்றினார்.

"ஒரு பொம்பள சார். பிரசவத்துல."

"அடப்பாவமே. எந்த ஊரு?"

"டிவிடில சார்."

ரைட்டர் என்னைப் பார்த்தார். நான் கூரையைப் பார்த்தேன். ஒரிஜினல் படத்தின் பெயரைச் சொல்லி, கம்பெனிக்காரன் அவளை எப்படிக் கொன்றான் என்று விவரமாக எடுத்துச் சொன்னார்.

"யோவ், அது செத்து எத்தினி வருசம் ஆவுது! எங்கம்மா இன்னும் சொல்லிச் சொல்லி அழுவாங்க" என்றார் ரைட்டர்.

"நீங்க எந்த ஊரு சார்?"

"விழுப்புரம். ஏன்?"

"அதான பாத்தேன்" என்று சொல்லிவிட்டு ஒரிஜினல் விறுவிறுவென்று வெளியே வந்துவிட்டார். மன்னிப்புக் கேட்டு மாளவில்லை எனக்கு.

இவ்வளவு கூத்துக்கும் நடுவில் கலைவாணிக்கு ரத்த அழுத்தம் ஏறிவிட்டது. முண்டியம்பாக்கம் ஆஸ்பத்திரியில் முன்கூட்டியே சேர்த்துவிட்டார்கள். "உடம்புல கோளாறு ஒண்ணும் இல்ல, பயம்தான். தைரியமா இருக்கச் சொல்லுங்க" என்று டாக்டரம்மா சொன்னார்களாம். ஒரிஜினல் என் கடையில் வந்து உட்கார்ந்தார். முதல் தடவையாகக் கத்தாமல் பேசினார்.

"'அது டூப்பும்மா, ஒரிஜினல்ல அவ பொழைச்சிக்குவா, அப்பா காட்டறேன்'னு சொல்லி வெச்சிருக்கேன். தேதி நெருங்கிடுச்சி. எங்கனா தேடிக் குடு தம்பி. உனக்குக் கோடிப் புண்ணியம்."

இந்த மனிதர் கத்தினால் சமாளித்துவிடலாம். கெஞ்சினால் என்னால் தாங்க முடியவில்லை. அவர் போன பிறகு ஒரே யோசனை. அந்தக் குத்துவிளக்கு சுபம் எனக்கு உறுத்திக்கொண்டே இருந்தது. இரண்டு பக்கமும் விளக்கு எரிகிற சுபத்தை நான் பார்த்திருக்கிறேன். ஆனால் அது வேறு ஒரு கம்பெனியின் சாமி படங்களில் வருவது. இந்தப் படத்தின் முடிவில் எப்படி வந்தது?

அந்தக் கொட்டாயில் மெஷின் ஓட்டிய ஆப்பரேட்டர் யார் என்று நர்ஸம்மாவிடம் விசாரித்தேன். ஆள் இப்போது திருவாமாத்தூரில் மகன் வீட்டில் இருக்கிறார் என்று தெரிந்தது. போனேன். கோயிலுக்குப் பக்கத்துத் தெருவில், மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டு இருந்தார். படத்தின் பெயரைச் சொன்னதுமே சிரித்துவிட்டார்.

"அதுவா? நான்தான் வெட்டினேன்."

"நீங்களா!"

"மொதலாளி சொன்னாரு, வெட்டினேன். வளைகாப்பு முடிஞ்ச பொண்ணுங்க எல்லாம் நம்ம கொட்டாய்க்குத்தான் வரும். மொத நாளு மத்தியான ஆட்டத்துல ஒரு பொண்ணு அந்த சீனப் பாத்து மயங்கி வுழுந்திடுச்சி. மொதலாளி மேல மெஷின் ரூமுக்கு ஓடியாந்தாரு. 'நம்ம கொட்டாயில எந்தப் பொண்ணும் பிரசவத்துல சாவக் கூடாதுடா, வெட்றா'ன்னாரு. புள்ள அழுவற எடத்தோட வெட்டிட்டேன். சும்மா வுட்டா நல்லா இல்லியேன்னு, எங்கிட்ட ஒரு சாமி படத்து சுபம் துண்டு இருந்திச்சி, அத்த ஒட்டினேன். படப் பொட்டிய திருப்பி அனுப்பும்போது பழையபடி சேத்து அனுப்பிடுவேன். மறுபடி வந்தா மறுபடி வெட்டுவேன்."

"ராத்திரி ஆட்டத்துக்கு முழுசா ஓட்டியிருக்கலாமே?"

"தெனம் பிரிச்சி ஒட்டிக்கினு இருக்க எனக்கு வேற வேல இல்லியா? எல்லா ஆட்டமும் அப்பிடியேதான்."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. எப்பேர்ப்பட்ட அக்கிரமம்! ஒரு ஊரையே ஏமாற்றியிருக்கிறார்கள். வருஷக்கணக்காக எவனெவன் வெட்டினான் என்று நாங்கள் சென்னையைப் பார்த்துத் திட்டிக்கொண்டிருக்க, முதல் கத்திரிக்கோல் திண்டிவனத்திலேயே இருந்திருக்கிறது. இதைப் போய் அந்த மனிதரிடம் எப்படிச் சொல்வது?

நேராக முண்டியம்பாக்கம் போனேன். ஆஸ்பத்திரிக்கு வெளியே வேப்பமரத்தடியில் நின்றுகொண்டிருந்தார். சொன்னேன். ஒன்றும் விடாமல் சொல்லிவிட்டேன். அவர் முகத்தைப் பார்க்கப் பயந்து, பக்கத்தில் நின்ற ஆட்டோவைப் பார்த்துக்கொண்டே சொன்னேன். சொல்லி முடித்ததும் வெடித்தார்.

"அந்தக் கொட்டா மொதலாளிக்கு இருந்த அறிவு, படம் எடுத்தவனுக்கு இல்லியே தம்பி! புள்ளதாச்சிப் பொண்ணுங்க பாக்குமேன்னு ஒருத்தனாச்சும் யோசிச்சானா? சாவடிச்சாதான் படம் ஓடுமா? அப்ப அவன் எடுத்ததுதான் தப்பு. எங்க ஊர்ல ஓடினதுதான் சரி."

"அண்ணா, அப்பிடிச் சொல்ல முடியாது..."

"கம்முனு கேளு. பொட்டில இருக்குறதா படம்? என் பொண்டாட்டி கண்ணால பாத்ததுதான்யா படம். அந்தாளு வெட்டின எடத்துலயே நீயும் வெட்டு. அதே வெளக்கு, அதே சுபம் வெக்கணும். ஜல்தியா பண்ணு, டாக்டரம்மா நாளைக்கே வலி வந்தாலும் வரும்ன்றாங்க."

என் ஜன்மத்தில் ஒரு படத்தைக் கூட நான் வெட்டியதில்லை. வெட்டுகிறவனை வாயார வைதே வளர்ந்தவன். ஆனாலும் போனேன். ஆப்பரேட்டரைப் பைக்கில் ஏற்றிக்கொண்டு கடைக்கு வந்தேன். கம்ப்யூட்டரில் படத்தை ஓட்டினேன். டாக்டர் கண்ணாடியைக் கழற்றினார், குழந்தை அழுதது, புருஷன் சிரித்தான். "இங்க!" என்று ஆப்பரேட்டர் திரையில் விரலை வைத்தார். வெட்டினேன். அலமாரியில் ஒரு சாமி படத்தைத் தேடிப் பிடித்து, அதிலிருந்து குத்துவிளக்கு சுபத்தை எடுத்து ஒட்டினேன்.

மறுநாள் காலை போனில் ஏற்றிக்கொண்டு போய்க் கொடுத்தேன். வார்டுக்குள் ஆம்பளைகள் போகக் கூடாது. ராணியம்மா போனை வாங்கிக்கொண்டு உள்ளே போனார்கள். நாங்கள் இரண்டு பேரும் மரத்தடியில். ஒரிஜினல் மனசுக்குள்ளேயே படத்தை ஓட்டிக்கொண்டு இருந்தார். "இப்ப மொத பாட்டு வந்திருக்கும்" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "இப்ப மாமியாக்காரி வெளிய தொரத்தறா" என்றார். அப்புறம் என் கையைப் பிடித்துக்கொண்டார். சாக்குத் தைத்துத் தைத்துக் காய்த்துப்போன கை. வலித்தது. எடுக்கச் சொல்ல மனசு வரவில்லை.

ராணியம்மா வெளியே வந்தார்கள். கண்ணெல்லாம் ஈரம். நேராக என்னிடம்தான் பாய்ந்தார்கள்.

"இன்னாப்பா, இவ்ளோ நல்ல படத்த உள்ள வெச்சிக்கினு அந்தப் பாழாப்போனத எதுக்குக் குடுத்தே? என் பொண்ணு எப்பிடி பயந்து போச்சி தெரியுமா?"

"இப்ப எப்பிடிம்மா இருக்குது?"

"சுபம் போட்டதும் சிரிச்சிட்டா. 'அப்பா சொன்னது சரிதாம்மா'ன்னா. இட்லி வாங்கியாரச் சொல்றா."

ஒரிஜினல் என்னைப் பார்த்து ஒரு முறை முறைத்தார். வாயைத் திறந்தால் தொலைத்துவிடுவேன் என்று அர்த்தம். நான் ராணியம்மாவிடம், "தப்புத்தாம்மா, மன்னிச்சிடுங்க" என்றேன். ஒரிஜினல் இட்லி வாங்க ஓடினார். அந்த வயதில் அப்படி ஓடி நான் பார்த்ததில்லை.

பெண் குழந்தை. தாயும் பிள்ளையும் சுகம். போனில் ராணியம்மாதான் சொன்னார்கள். ஒரிஜினல் வராண்டாவில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தாராம்.

கொஞ்ச நாள் கழித்து ஒரு காலை, கடைப் படியில் அதே காலடிச் சத்தம். குழந்தை பிறந்ததற்கு இனிப்புக் கொடுப்பார் என்று நினைத்து எழுந்து நின்றேன்.

"தம்பி, இன்னாய்யா வேல பண்ணி வெச்சிருக்க? அந்தப் புள்ள முழுசா அழுவறதுக்குள்ள சுபத்த போட்டுட்ட! எங்க கொட்டாயில நல்லா வீல்வீல்னு அழுவும்."

"அதுக்கு மேல வுட்டா டாக்டர் தலைய ஆட்டிடுவாருண்ணா."

"டாக்டர நிறுத்து, அழுகைய வுடு. அது கூடத் தெரியலன்னா நீ எதுக்குக் கடை வெச்சிருக்க?"

உட்கார்ந்து சரி செய்தேன். புருஷன் சிரித்த முகத்தோடு படத்தை அப்படியே நிறுத்தி, குழந்தையின் அழுகையை மட்டும் கடைசி வரைக்கும் ஓட விட்டேன். ஒரிஜினல் கண்ணை மூடிக் கேட்டார்.

"பரவால்ல" என்றார். "எங்க வூட்டுது இதவிட நல்லா அழுவுது."

போகும்போதும் திட்டிக்கொண்டேதான் போனார், அடுத்து எந்தப் படத்தில் எந்தப் பாட்டைக் காணோம் என்று. அந்த மனுஷன் ஒரு வாரம் வந்து திட்டாவிட்டால் எனக்குக் கடை திறந்த மாதிரியே இருப்பதில்லை.